அன்றைக்கே தீர வேண்டிய ரொட்டி

அயர்லாந்துக் கிராம வீடுகளில் சுடும் சோடா ரொட்டிக்கு ஆயுள் குறைவு. காலையில் சுட்டால் அன்று இரவுவரை அருமையாக இருக்கும். மறுநாள் நெருப்பில் வாட்டி வெண்ணெய் தடவினால் தின்னலாம். மூன்றாம் நாள் அது கோழிக்குத்தான். ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த ரொட்டிபோல நாலைந்து நாள் வைத்து ஓட்ட முடியாது. சமைப்பவருக்கு இது குறைதான். ஆனால் அந்த ஊர்ப் பழக்கங்களைப் படிக்கப் படிக்க, அவற்றில் பாதி இந்தக் குறையிலிருந்து முளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. வைத்துக்கொள்ள முடியாத பண்டத்தைக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். தினமும் சுட்டே ஆக வேண்டிய வீட்டில், எந்நேரம் யார் வந்தாலும் தட்டில் வைக்க ஒரு துண்டு இருக்கும்.

முதலில் அந்த ரொட்டியைப் பார்த்துவிடலாம். நான்கே பொருள்: கோதுமை மாவு, உப்பு, ஆப்பசோடா, மோர். முட்டை இல்லை, சர்க்கரை இல்லை. வெண்ணெய்கூட மாவில் சேர்வதில்லை, வெந்தபின் மேலே தடவத்தான். ஆப்பசோடாவுக்கு அயர்லாந்துக் கடைகளில் ‘பிரெட் சோடா’ என்றே பெயர். மோரில் உள்ள லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்புகிறது. அந்தக் குமிழிகள்தான் மாவைத் தூக்கிவிடுகின்றன. ஈஸ்ட் இதே வேலைக்கு மணிக்கணக்கில் நேரம் கேட்கும். சோடா அப்படியில்லை, மோர் பட்ட கணமே வேலையைத் தொடங்கிவிடும். அதனால் கலந்த மாவை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போக முடியாது. கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். தாமதித்தால் வாயு வீணாகி, ரொட்டி கல்லாகிவிடும்.

ஈஸ்ட் இருக்க இதற்கு ஏன் வந்தார்கள் என்றால், வானிலை ஒரு காரணம். மிதமான வெயிலும் ஓயாத மழையும் உள்ள அந்த மண்ணில் விளையும் கோதுமை மென்மையானது, குளூட்டன் புரதம் குறைந்தது. ஈஸ்ட் ரொட்டிக்கு அந்தப் புரதம்தான் முதுகெலும்பு. ரப்பர்போல இழுபட்டு, மெல்ல மெல்ல ஊறும் வாயுவைப் பிடித்துவைப்பது அதுதான். சோடா ரொட்டிக்கோ குளூட்டன் கூடினால்தான் தொல்லை, கடிக்கும்போது தோல்போல இழுக்கும். ஒன்றுக்கு உதவாத மாவு இன்னொன்றுக்கு வாகாக அமைந்துவிட்டது.

இதைப் பழங்கால மரபு என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதுண்டு. நம்ப வேண்டாம். இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. உப்பு வகை ஒன்றைப் போட்டு மாவை எழுப்பும் யோசனையும் அயர்லாந்தில் பிறந்ததல்ல. அமெலியா சிம்மன்ஸ் 1796-இல் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலிலேயே, மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை மாவில் போடும் முறை இருக்கிறது. சோடா மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில். அயர்லாந்தின் வடக்கே நியூரி ஊர்ப் பத்திரிகையில் வந்த சோடா ரொட்டிச் செய்முறையை, லண்டனிலிருந்து வந்த விவசாய இதழ் ஒன்று 1836-இல் எடுத்துப் போட்டது. அதற்கு முன்பு ஏழைகளின் வீட்டில் ரொட்டி என்றால் பெரும்பாலும் ஓட்ஸ் மாவைத் தட்டி, கல்லில் போட்டு, நெருப்புக்கு எதிரே நிறுத்திக் காயவைத்த அடைதான். அதுகூட எல்லா நாளும் இல்லை. ஏழை அயர்லாந்து உருளைக்கிழங்கைத்தான் தின்றது. உருளைக்கிழங்கு, கூடவே மோர். அவ்வளவுதான் சாப்பாடு.

1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அரசு அமெரிக்காவிலிருந்து மக்காச்சோள மாவை இறக்கியது. அதை எப்படிச் சமைப்பது என்றே பலருக்குத் தெரியவில்லை. ‘மஞ்சள் மாவு’ என்று அதற்குப் பெயர் வந்தது, வெறுப்போடு வந்த பெயர். பஞ்சம் முடிந்தபின் கிழங்கை மட்டும் நம்பி வாழும் துணிச்சல் யாருக்கும் இல்லை. கோதுமை மாவு கிராமத்துக் கடைக்கு வந்தது, சோடாப் பொட்டலமும் கூடவே வந்தது. மோர் முன்பே வீட்டில் இருந்தது. சோடா ரொட்டி நாடு முழுதும் பரவிய கதை இதுதான். இன்று பெருமையோடு சொல்லும் ‘பாட்டி கைப்பக்குவம்’ ஒரு பேரழிவுக்குப் பின் ஊன்றியது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த வீடுகளில் சூளையடுப்பு கிடையாது. தரையோடு தரையாக ஓர் அடுப்பு, அதில் சதுப்பு நிலத்திலிருந்து செங்கல்போல வெட்டிக் காயவைத்த ‘டர்ஃப்’ என்னும் எரிமண் புகைந்துகொண்டிருக்கும். இரவில் தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி ஊதுவார்கள். பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நெருப்பு அணைந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தத் தணலில் ரொட்டி சுட உதவியது மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி. தெற்கே அதன் பெயர் ‘பாஸ்டிபிள்’. மாவை உள்ளே வைத்து மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். கீழ்ச்சூடும் மேல்சூடும் சேர்ந்து சட்டியே சூளையாகிவிடும். சூளையடுப்பு இல்லாத வீட்டிலும் அதில் சுட்டதுபோல ரொட்டி வந்தது இப்படித்தான்.

வடக்கே வேறு வழி. அல்ஸ்டர் பக்கத்தில் மாவை வட்டமாகத் தட்டி, நாலாக அரிந்து, நம் தோசைக்கல் போன்ற தட்டைக் கல்லில் இரண்டு பக்கமும் வாட்டுவார்கள். ஒவ்வொரு கால் துண்டும் ஒரு ‘ஃபார்ல்’. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து மாவோடு சேர்த்துத் தட்டுவதும் அங்கே உண்டு. காலையில் பன்றி இறைச்சி, முட்டையோடு இவை இரண்டும் கொழுப்பில் வறுபட்டுத் தட்டுக்கு வரும். லீட்ரிம், கேவன், ஃபெர்மனா பக்கத்துக்கென்று ‘பாக்ஸ்டி’ இருக்கிறது. பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, மசித்த கிழங்கோடு கலந்து வார்ப்பது. பாக்ஸ்டி சுடத் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று கேலி பேசும் நாட்டுப்பாட்டும் அங்கே உண்டு. பெயர்களிலும் ஒற்றுமை இல்லை. முழுக்கோதுமை மாவில் சுட்டதைத் தெற்கே ‘பிரவுன் பிரெட்’ என்பார்கள், வடக்கே ‘வீட்டன்’. பல கிராமங்களில் வெறும் ரொட்டியையே ‘கேக்’ என்றார்கள். உலர்ந்த திராட்சை போட்டால் சில இடங்களில் ‘புள்ளி நாய்’, சில இடங்களில் ‘ரயில்வே கேக்’. அமெரிக்காவில் பேட்ரிக் திருநாளன்று சர்க்கரை, முட்டை, திராட்சை, சீமைச் சோம்பு எல்லாம் போட்டுச் சுட்டு ‘ஐரிஷ் சோடா ரொட்டி’ என்கிறார்கள். அயர்லாந்துக்காரர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். புலம்பெயர்ந்தவர்களுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் கைக்கு வந்தபோது அவர்கள் அதை ரொட்டியில் காட்டினார்கள். அதில் சுளிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சுடும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை, பொறுமையின்மைதான் தேவை. 450 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டி ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா. சோடாவைக் கட்டியில்லாமல் சலித்துச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரொட்டியில் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளி விழும், நாக்கில் சோப்பு ருசி தட்டும். நடுவில் குழி செய்து 350 முதல் 400 மில்லிலிட்டர் மோர். நம் நீர்மோர் இதற்கு ஆகாது. தண்ணீர் விளாவாத, நன்றாகப் புளித்த கெட்டி மோர் வேண்டும். விரல்களைப் பறவையின் கால்நகம்போல விறைப்பாக விரித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகச் சுழற்றினால் அரை நிமிஷத்தில் மாவு ஒன்றுசேரும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கேதான் தவறு செய்யும். பிசையவே கூடாது. பிசைந்தால் குளூட்டன் விழித்துக்கொள்ளும், வாயுவும் போய்விடும். மாவு கொஞ்சம் கையில் ஒட்டும் பதத்திலேயே உருட்டி, தட்டையாக்கி, மேலே ஆழமாக ஒரு சிலுவைக் கீறல் போட்டு, 230 டிகிரிச் சூட்டில் கால் மணி நேரம், பிறகு 200 டிகிரியில் அரை மணி நேரம். எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடியில் தட்டினால், காலிக் குடத்தைத் தட்டிய சத்தம் கேட்க வேண்டும். மேல்தோல் மிருதுவாக இருக்க வேண்டுமென்றால் சுடச்சுடத் துணியில் சுற்றிவைப்பார்கள்.

அந்தச் சிலுவைக்கு மூன்று விளக்கம் உண்டு. தடிமனான நடுப்பகுதிக்குச் சூடு இறங்க வழி என்பது ஒன்று. கத்தோலிக்க வீட்டில் ரொட்டிக்கு இடும் ஆசி என்பது இன்னொன்று. மூன்றாவது, ரொட்டிக்குள் அடைபட்ட தேவதைகள் வெளியேற வழி. அவர்களை வெளியே விடாவிட்டால் ரொட்டியைக் கெடுத்துவிடுவார்கள். மூன்றையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கேட்கலாம், எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாலாகப் பிட்டுக் கொடுக்க வசதி என்பதை நான்காவது காரணமாகச் சேர்க்கலாம்.

ரொட்டியின் இன்னொரு பாதி மோர். மோர் வேண்டுமென்றால் யாராவது வெண்ணெய் கடைய வேண்டும். வெண்ணெய்தான் வீட்டுப் பெண்களின் கையில் காசு. கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை 19-ஆம் நூற்றாண்டில் உலகிலேயே பெரியதாக இருந்தது. வெண்ணெய் சந்தைக்குப் போனபின் வீட்டில் மிஞ்சும் மோர், மாடு இல்லாத அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குடத்தில் போகும். கடைந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அவர்களும் மத்தைப் பிடித்து ஒரு சுற்றாவது கடைந்துவிட்டுப் போக வேண்டும். சும்மா திரும்பினால் வெண்ணெயின் யோகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அர்த்தம். சும்மா வந்து நிற்பவரை வேலையில் இழுத்துவிட இதைவிட நாசூக்கான வழி இருக்க முடியாது. 1889-இல் லிமெரிக் கவுண்டியின் ட்ரோம்காலகரில் முதல் கூட்டுறவுப் பால் நிலையம் வந்தது, நாடெங்கும் மற்றவை தொடர்ந்தன. வீட்டுப் பால் அந்த நிலையத்துக்குப் போகத் தொடங்கியதும், வெண்ணெய்க் காசு பெண்களின் கையிலிருந்து வீட்டு ஆணின் பெயருக்கு மாறியது. கூட்டுறவு இயக்கத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த வரியை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

இனி அந்த ரொட்டி ஊருக்குள் போன வழிகள். மாலையில் அழைப்பில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் அடுப்போரம் உட்கார்ந்து பேசுவது அங்கே தினசரி வழக்கமாக இருந்தது. வடக்கே இதற்கு ‘கேய்லி’ என்று பெயர். இன்று அந்தச் சொல் நடன நிகழ்ச்சியைக் குறித்தாலும், அதன் பழைய பொருள் வெறுமனே போய்ப் பார்ப்பதுதான். வந்தவருக்குத் தேநீரும் ரொட்டியும் வரும். முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம். மூன்றாவது முறை ‘சரி, ஒரு வாய்’ என்று இறங்கிவர வேண்டும். முதல் தடவையிலேயே ‘சரி’ என்றால் பேராசைக்காரர். முதல் தடவையோடு கேட்பதை நிறுத்தினால் கஞ்சர். 1990-களில் வந்த ‘ஃபாதர் டெட்’ தொலைக்காட்சித் தொடரில், வருவோர் போவோரையெல்லாம் தேநீர் குடிக்கச் சொல்லி விரட்டும் வீட்டு வேலைக்கார அம்மாள் இந்த விளையாட்டைத்தான் எல்லை மீறி ஆடுவார்.

அறுவடையில் ஆள் கூடும். ஒருவருக்கொருவர் கூலியில்லாமல் முறைவைத்து உழைக்கும் வழக்கத்துக்கு ஐரிஷில் ‘மெஹல்’ என்று பெயர். கதிரடிக்கும் இயந்திரம் இன்று ஒரு பண்ணையில் நின்றால் நாளை அடுத்ததில் நிற்கும். அதன் பின்னாலேயே அத்தனை ஆண்களும் போவார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் இருபது முப்பது பேருக்குப் பந்தி. அதை ஒரு பெண்ணால் சமாளிக்க முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்களும் மாவுக் கையோடு வந்துவிடுவார்கள். களத்தில் நடந்ததை மட்டும் மெஹல் என்று எழுதிவைத்தார்கள். சமையலறையில் நடந்ததும் அதேதான்.

‘ஸ்டேஷன்’ என்று இன்னொரு நாள் உண்டு. கத்தோலிக்க வழிபாட்டை ஆங்கிலேயர் சட்டம் போட்டு நெருக்கிய காலத்தில் பூசை வீடுகளுக்குள் நடந்தது. சட்டம் போனபின்னும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. ஊரில் முறைவைத்து, ஒவ்வொரு தடவை ஒரு வீட்டில் பாதிரியார் பூசை வைப்பார், அக்கம்பக்கத்தார் அத்தனைபேரும் வருவார்கள். அந்த வீட்டுக்கு அது கல்யாணத்துக்குச் சமம். சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்குச் சாயம், கடைசியில் எல்லோருக்கும் காலை உணவு. தினமும் தின்னும் பழுப்பு ரொட்டியோடு, அன்று வெள்ளை மாவு ரொட்டியும் திராட்சை போட்டதும் மேசைக்கு வரும்.

வருஷத்தின் நாட்களும் மாவில் எழுதப்பட்டிருந்தன. அக்டோபர் 31 இரவில் ‘பார்ம்பிராக்’. ஐரிஷில் ‘பாரீன் ப்ராக்’, புள்ளி போட்ட ரொட்டி. அதில் மோதிரம், காசு, பட்டாணி, குச்சி, கந்தல் துணி என்று ஒளித்துவைப்பார்கள். மோதிரம் அகப்பட்டவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம், காசு என்றால் செல்வம், கந்தல் என்றால் வறுமை, பட்டாணி என்றால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. குச்சி என்றால் கல்யாணம் ஆகும், ஆனால் இல்லறம் அடிதடிதான். கடையில் வாங்கும் பிராக்கிலும் இன்றுவரை மோதிரம் இருக்கிறது. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ‘களிமண்’ என்னும் கதை இந்த இரவில் நடக்கிறது. சலவைக்கூடத்தில் வேலை செய்யும், கல்யாணம் ஆகாத, வயதான மரியா, பிறருக்குப் பரிமாற பிராக்குகளைத் துண்டு போட்டு அடுக்கிவைக்கிறாள். மோதிரம் அவளுக்கு வரும் என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அந்த ரொட்டியின் வழக்கம் தெரியாமல் படித்தால் கதையின் வலி பாதிதான் எட்டும்.

டிசம்பர் 31 இரவில் சில ஊர்களில் ரொட்டியைத் தின்பதற்கு முன் அடிப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒரு பெரிய ரொட்டியைக் கையிலெடுத்துக் கதவில் மோதி, வரும் வருஷம் பசி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று வேண்டுவார். சிதறிய துண்டுகளைப் பொறுக்கி எல்லோரும் தின்பார்கள். பஞ்சம் பார்த்த நாட்டில் இதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி 6 கார்க், கெரி பக்கங்களில் ‘பெண்களின் கிறிஸ்துமஸ்’. அன்றைக்கு ஆண்கள் வீட்டு வேலை பார்க்க, பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடித் தேநீரும் மிச்சமிருக்கும் கேக்குமாக உட்கார்ந்திருப்பார்கள். 365-இல் ஒரு நாள்.

அந்த ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் மற்ற நாட்களின் உழைப்பு தெரியும். கிணற்றிலிருந்து தண்ணீர், சதுப்பிலிருந்து எரிமண், குனிந்தே சமைக்கும் தரையடுப்பு, அதோடு தினமும் ரொட்டி. 1910-இல் வெக்ஸ்ஃபோர்ட் கவுண்டியின் பிரீ கிராமத்தில் ‘ஐக்கிய ஐரிஷ் பெண்கள்’ என்ற சங்கம் தொடங்கியது. 1935-இல் அது ‘ஐரிஷ் கிராமப் பெண்கள் சங்கம்’ ஆனது. கேக் போட்டி நடத்துகிற சங்கம் என்று அதைச் சிரித்துப் பேசியவர்கள் உண்டு. போட்டிக்காகக் கூடிய பெண்கள்தான் குழாய்த் தண்ணீர் கேட்டார்கள், மின்சாரம் கேட்டார்கள். கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் திட்டத்தின் முதல் கம்பம் 1946 நவம்பரில் டப்ளின் கவுண்டியின் கில்சல்லகனில் நடப்பட்டது. 1954-இல் சங்கம் லவுத் கவுண்டியின் டெர்மன்ஃபெக்கினில் ‘அன் கிரீனான்’ என்ற தங்கும் கல்லூரியைத் திறந்தது. சமையலும் கைவேலையும் கற்கும் சாக்கில் கிராமப் பெண்கள் சில நாள் வீட்டைவிட்டு வர முடிந்தது என்பதுதான் அதன் பெரிய பலன் என்பேன்.

மின்சார அடுப்போடு கடை ரொட்டியும் வந்தது. துண்டு போட்டு, மெழுகுத் தாளில் சுற்றிய வெள்ளை ரொட்டிதான் நாகரிகம், வீட்டில் சுட்டது வறுமையின் அடையாளம் என்று ஒரு காலம் இருந்தது. வீட்டு மாவு மூட்டையின் பருத்திச் சாக்கைக்கூட அச்செழுத்து போக வெளுத்துப் படுக்கை விரிப்பாகத் தைத்த தலைமுறை அது. அவர்களுக்கு அந்த ஆசை இருந்ததில் வியப்பில்லை. நல்லவேளையாக அதற்கு முன்பே, 1937 முதல் 1939 வரை, சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளின் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் பழமைகளை எழுதி வாங்கியிருந்தார்கள். கொடுத்த தலைப்புகளில் ‘ரொட்டி’யும் ஒன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு, பள்ளி நோட்டில் எழுதிய அந்தப் பக்கங்கள் டப்ளினில் இருக்கின்றன. பிறகு மரியாதையை மீட்டது உணவகம். கார்க் கவுண்டியின் ஷானகாரியில் மிர்ட்டில் ஆலன் 1964-இல் தன் பண்ணை வீட்டிலேயே உணவகம் திறந்து, வீட்டு ரொட்டியையே விருந்தினர் மேசையில் வைத்தார். மருமகள் டரினா ஆலன் 1983-இல் பக்கத்திலேயே சமையல் பள்ளி தொடங்கினார். இன்று ஆண்டுதோறும் நடக்கும் தேசிய உழவுப் போட்டித் திருவிழாவில், கிராமப் பெண்கள் சங்கத்தின் பழுப்பு ரொட்டிப் போட்டிக்கு ஆண்களும் வருகிறார்கள்.

ஆனால் போட்டியைவிட இந்த ரொட்டி அதிகம் வேலை செய்வது சாவு வீட்டில்தான். இறந்தவரை வீட்டில் கிடத்தி, இரவெல்லாம் ஊர் வந்து உட்கார்ந்திருக்கும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டார் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. செய்தி தெரிந்த ஒரு மணி நேரத்தில் பின்வாசல் வழியாக வரத் தொடங்கும்: பழுப்பு ரொட்டி, ஆப்பிள் டார்ட், தேநீரில் ஊறிய திராட்சை போட்ட பிராக், ஈரத்துணி மூடிய சாண்ட்விச் தட்டு. கொண்டுவந்தவர் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவி, பாத்திரம் துலக்க நின்றுவிடுவார். யார் என்ன கொண்டுவந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அடக்கம் முடிந்து எல்லாம் அடங்கியபின், கழுவிக் கவிழ்த்த தட்டுகளின் அடியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, பேனாவால் எழுதிய பெயர் இருக்கும். அந்தப் பெயர் பார்த்துத் தட்டுகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள்.